இரவின் விருந்தினர்: செகந்திராபாதும் இலண்டனும், 1876–1897

2022 ஜனவரி 16 விடியற்காலையில் செகந்திராபாத் கிளப்பின் முதன்மைக் கட்டடம் தீக்கிரையாயிற்று. சங்கராந்தி விடுமுறைக் காலமாதலால் உள்ளே ஆளில்லை, உயிர்ச்சேதம் இல்லை. 1878-இல் தொடங்கப்பெற்ற அந்த மன்றம், ஹைதராபாத் திவான் முதலாம் சாலார் ஜங் தம் வேட்டை மாளிகையைப் படை அதிகாரிகளின் பொழுதுபோக்குக்காக வழங்கியதால் உருவானது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மறுநாள் நாளேடுகள் எரிந்த மரவேலைப்பாடுகளுக்காக வருந்தின. வரலாற்று மாணவர் ஒருவருக்கு அந்தச் சாம்பலில் வேறொரு கேள்வியும் எழுந்திருக்கும். அக்கட்டடத்தில் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாக நிகழ்த்தப்பட்டது எது? விருந்து, நடனம், சீட்டாட்டம், மது, இசை ஆகியவை அடங்கிய ஐரோப்பியத் தலைநகரத்து இரவின் ஒரு படி அது. அந்த இரவுக்குள் விருந்தினராக நுழைய யாருக்கு இயன்றது? நுழைந்தவர்கள் கொடுத்த விலை என்ன?

ஐரோப்பியத் தலைநகர் ஒன்றின் இரவைப் பயணியாகச் சென்று நுகர்வது இன்று சுற்றுலா விளம்பரத்தில் எளிதாக இடம்பெறும் ஒரு வாக்கியம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் இந்தியருக்கு அது உரிமையும் மானமும் கலந்த சிக்கலான காரியம். ஹைதராபாதையும் அதன் படைநகரான செகந்திராபாதையும் இலண்டனோடு இணைக்கும் சில பயணங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அச்சிக்கல் தெளிவாகும். அதற்கான முயற்சியே இப்பதிவு. சற்று நீளமானது, பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

1. வெளிச்சம் போட்ட இரவு

தலைநகரத்து இரவு என்பது தானாகத் தோன்றிய ஒன்றன்று. இலண்டன் பால்மால் தெருவில் வாயுவிளக்கு 1807-இல் காட்டப்பட்டது. 1878-இல் பாரிசின் ஓப்பரா நிழற்சாலை மின்வில் விளக்குகளால் ஒளிர்ந்தது. 1881-இல் இலண்டனின் சவாய் நாடக அரங்கு முழுவதும் மின்விளக்கால் ஒளியூட்டப்பட்டது. வோல்ஃப்காங் ஷிவெல்புஷ் தம் நூலில் காட்டுவது போல, செயற்கை ஒளியின் வரலாறு தொழில்நுட்பத்தின் வரலாறு மட்டுமன்று. காவல், வணிகம், கேளிக்கை ஆகிய மூன்றும் இரவைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட வரலாறுமாகும். விளக்கு வந்தபின் கடைகள் நெடுநேரம் திறந்திருந்தன. அரங்குகள் நள்ளிரவு வரை நடந்தன. தெருவில் நடமாடுவோர் முகம் தெரிந்தது. முகம் தெரிந்தபின், யார் எங்கே யாருடன் இருந்தார் என்ற கேள்வியும் கூடவே பிறந்தது.

இந்த ஒளியைக் காணச் சென்ற ஹைதராபாத்துக்காரர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் அதே சாலார் ஜங் தாம். வேல்ஸ் இளவரசர் 1875–76-இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபின், 1876-இல் அவர் ஐரோப்பா சென்றார். பேராரை மீட்கவேண்டும் என்ற அரசியல் நோக்கம் அவருக்கு இருந்தது. ரோமில், இன்று சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் பலரும் வியந்து பார்க்கும் முக்காடிட்ட ரெபேக்கா சிலையை வாங்கினார். அடுத்துப் பாரிசு. அங்குக் கிராண்ட் ஓட்டலின் படிக்கட்டில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அவ்வோட்டலின் அருகிலேதான் ஓராண்டுக்கு முன் திறக்கப்பெற்ற கார்னியே ஓப்பரா மாளிகை நின்றது. ஐரோப்பாவின் மிகப் பொலிவான இரவுக்கு மிக அருகில் இருந்த ஹைதராபாத் திவான் கட்டிலில் கிடந்தார். இலண்டனில் அவருக்கு நகர உரிமை வழங்கப்பட்டது; ஆக்ஸ்போர்டு மதிப்புறு பட்டம் தந்தது; பேரார் மட்டும் திரும்பவில்லை. விருந்துக்குப் பஞ்சமில்லாத இடத்தில் கோரிக்கைக்குச் செவி கிடைக்கவில்லை. விருந்தோம்பலைக் கொண்டு அரசியல் கோரிக்கையை மென்மையாகத் தள்ளிப்போடும் இம்முறையைப் பிற்காலச் சமஸ்தானப் பயணங்களிலும் காணலாம்.

2. 1888-ஆம் ஆண்டுக் கோடை

அடுத்த பயணி மெஹ்தி ஹசன். ஃபத்தே நவாஸ் ஜங் என்பது அவர் பெற்ற பட்டப்பெயர். வட இந்தியாவிலிருந்து ஹைதராபாத் பணிக்கு வந்து விரைவாக உயர்ந்த சட்ட அறிஞர். அவர் மனைவி எலன் கெர்ட்ரூட் டானலி, இந்தியாவில் பிறந்த வெள்ளையர். 1888-இல் ஹைதராபாத் தக்காணச் சுரங்கக் கம்பெனியின் பங்கு விற்பனையில் நடந்த முறைகேடு பற்றி இங்கிலாந்தின் பொதுமக்கள் அவை ஒரு தேர்வுக் குழுவை அமைத்து விசாரித்தது. அவ்விவகாரத்தில் நிஜாம் அரசின் சார்பில் இலண்டன் சென்றவர் மெஹ்தி ஹசன். அவர் எழுதிய நாட்குறிப்பின் பகுதிகள் 1890-இல் இலண்டனில் அச்சாயின. பின்னர் உமர் காலிதி அதனைப் பதிப்பித்து ஆய்வாளர்க்கு எளிதில் கிடைக்கச் செய்தார்.

அவர் சென்ற காலத்தை ஆங்கிலேயர் ‘சீசன்’ என்றனர். பாராளுமன்றம் கூடியிருக்கும் வசந்தம் முதல் ஆகஸ்டு வரையிலான அம்மாதங்களில் நிலவுடைமைக் குடும்பங்கள் இலண்டனில் தங்கும். மாலையில் பூங்காவில் குதிரையோட்டம், எட்டு மணிக்கு விருந்து, பின்னர் ஓப்பரா அல்லது நாடகம், பத்து மணிக்குமேல் நடனம் என்பது அதன் ஒழுங்கு. இவையனைத்தும் அழைப்பிதழால் இயங்கின. தெருவிளக்கும் அரங்க நுழைவுச்சீட்டும் காசு கொடுத்தவர்க்கெல்லாம் பொது. விருந்து மேசையோ அறிமுகம் பெற்றவர்க்கே உரியது. அறிமுகங்களுள் தலையாயது அரண்மனை அறிமுகம். ஒரு பெண் அரசியின் முன் முறைப்படி நிறுத்தப்பட்டால், அவள் ‘பழகத்தக்கவள்’ என்பதற்கு அதற்குமேல் சான்று வேண்டியதில்லை. அந்தப் பயணத்தில் மெஹ்தி ஹசனும் எலனும் விக்டோரியா அரசியைச் சந்தித்தனர்.

அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் இன்னொரு இந்தியர் இலண்டனில் இறங்கினார். வயது பதினெட்டு, சட்ட மாணவர், வெள்ளைப் பிளானல் உடையில் வந்து, தம்மைத் தவிர வேறு யாரும் அவ்வுடையில் இல்லாததைக் கண்டு கூசியவர். பின்னர்ப் பாண்டு தெருவில் பத்துப் பவுன் கொடுத்து மாலை விருந்து உடை தைத்துக்கொண்டதையும், நடன வகுப்பில் சேர்ந்து தாளம் பிடிபடாமல் மூன்று வாரத்தில் விட்டதையும், வயலின் வாங்கியதையும் காந்தியார் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அப்பகுதியை நாம் பெரும்பாலும் நகைச்சுவையாகப் படித்துக் கடந்துவிடுகிறோம். அதில் ஒரு சமூக உண்மை இருக்கிறது. பகல் நேர இலண்டனில் ஒரு மாணவர் நூலகத்துக்கும் சட்ட விடுதிக்கும் எளிய உடையில் சென்று வரலாம். இரவு நேர இலண்டனுக்குத் தனி உடையும் தனி உடற்பயிற்சியும் தேவைப்பட்டன. இரவின் வாயிலில் கடவுச்சீட்டு உடையாக இருந்தது.

இக்காலத்து இந்தியப் பயணநூல்கள் பல. டி. என். முகர்ஜியின் நூல் 1889-இலும், பெஹ்ராம்ஜி மலபாரியின் நூல் 1893-இலும் வந்தன. ‘மதராஸ் ஸ்டாண்டர்டு’ இதழின் ஆசிரியர் ஜி. பரமேசுவரன் பிள்ளை இந்தியக் கண்ணாடி வழியே இலண்டனையும் பாரிசையும் பார்க்கும் நூலை 1897-இல் வெளியிட்டார். இவர்கள் மூவரையும் ஆராய்ந்த அன்டோனெட் பர்ட்டன் ஒரு முக்கியக் கருத்தைச் சொல்கிறார். பார்க்கச் சென்ற இந்தியரே இலண்டன் தெருவில் பார்க்கப்படும் பொருளாயினர். தலைப்பாகை ஒன்று போதும், கூட்டம் கூட. மலபாரியும் பிள்ளையும் எழுத்தால் அந்தப் பார்வையைத் திருப்பிப் பார்த்தனர் எனலாம். மெஹ்தி ஹசன் தேர்ந்த வழி வேறு. அவர் விருந்தினராக உள்ளே சென்று, பார்க்கப்படுவதையே தகுதியாக மாற்றிக்கொள்ள முயன்றார்.

3. அதே கோடையில் மற்றோர் அவை

1888-இன் இலண்டனை நாம் விருந்து மேசையில் மட்டும் பார்த்தால் பாதியைத்தான் பார்க்கிறோம். ஆகஸ்டு 4 அன்று லைசியம் அரங்கில் ரிச்சர்டு மேன்ஸ்ஃபீல்டு நடித்த ‘ஜெக்கிலும் ஹைடும்’ நாடகம் தொடங்கியது. பகலில் மதிப்பிற்குரிய மருத்துவர், இரவில் கொடியவர் என்ற அக்கதை ஓடிக்கொண்டிருந்தபோதே, அம்மாத இறுதியில் வைட்சாப்பலில் ஏழைப் பெண்களின் தொடர்கொலை தொடங்கிற்று. ஜூடித் வாக்கோவிட்ஸ் விளக்குவது போல, இரவில் வெளியே நிற்கும் பெண் யார் என்பதே அந்நகரின் தீராத கேள்வியாயிற்று.

அக்கேள்வி செகந்திராபாத் போன்ற படைநகர்களையும் தொட்டது. 1864-இன் படைமுகாம்ச் சட்டம் முதல், வெள்ளைப் படையினர்க்கென்று இந்தியப் பெண்களைப் பதிவு செய்து, கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தும் ஏற்பாடு இந்தியாவில் நடைமுறையில் இருந்தது. 1886 ஜூனில் படைத் தலைமையகம் வெளியிட்ட ஒரு சுற்றறிக்கை, படைப்பிரிவுகளின் கடைத்தெருவில் போதுமான எண்ணிக்கையில், போதுமான அழகுடைய பெண்கள் இருக்கவேண்டும் என்று அறிவுறுத்தியது. அது 1888-இல் இங்கிலாந்தில் வெளிப்பட்டுக் கொந்தளிப்பை உண்டாக்கிற்று. ஜூன் 5 அன்று பொதுமக்கள் அவை அம்முறையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

ஆக, ஒரே ஆண்டில் ஒரே பாராளுமன்றத்தில் தக்காணம் இருமுறை பேசப்பட்டது. ஓர் அறையில் அதன் நிலக்கரியும் பங்குகளும். பேரவையில், அதன் படைநகர்களை உள்ளிட்ட முகாம்களின் இரவுகள். முதலாவதற்குச் சாட்சியம் சொல்ல ஹைதராபாத்திலிருந்து உயர் அலுவலர் வந்தார். இரண்டாவதற்கு, யாரைப் பற்றிப் பேசினார்களோ அந்தப் பெண்களில் ஒருவரும் வரவில்லை. அவர்கள் பெயர்கள் பதிவேட்டில் இருந்தன. குரல் எதிலும் இல்லை. தீர்மானத்துக்குப் பின்னும் நடைமுறை பல வடிவங்களில் தொடர்ந்தது. 1889-இலும் 1895-இலும் 1897-இலும் சட்டங்கள் மாற்றப்பட்டதே, அது எவ்வளவு பிடிவாதமாக நின்றது என்பதற்குச் சான்று. 1890-களின் நடுவில் இந்தியாவிலிருந்த வெள்ளைப் படையினரில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட மருத்துவமனைச் சேர்க்கைகள் பால்வினை நோயால் நிகழ்ந்தன. நோயின் சுமை அரசுக் கணக்கில் படையினர் பேரிலும், குற்றத்தின் சுமை பெண்கள் பேரிலும் எழுதப்பட்டது.

4. எட்டுப் பக்கத் துண்டுநூல்

1892 ஏப்ரலில் ஹைதராபாத்தில் ஆங்கிலத் துண்டுநூல் ஒன்று பரவியது. எழுதியவர் பெயர் இல்லை. ஹைதராபாத் சீமாட்டிகளுக்கு ஒரு முறையீடு என்ற பொருளில் அதன் தலைப்பு அமைந்தது. சீமாட்டிகள் என்றது ரெசிடென்சியிலும் செகந்திராபாத்திலும் பொலாரத்திலும் வாழ்ந்த ஆங்கிலேயச் சமூகத்தின் பெண்களை. குற்றச்சாட்டு இதுதான்: மெஹ்தி ஹசன், எலன் ஆகியோரின் திருமணம் போலி, எலன் முன்னர் விலைமகளாக இருந்தவர், மெஹ்தி ஹசன் தம் பதவி உயர்வுக்காக மனைவியைப் பிறரிடம் அனுப்பியவர்.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது குற்றச்சாட்டின் முகவரியை. அது நிஜாமுக்கோ நீதிமன்றத்துக்கோ எழுதப்படவில்லை. விருந்து நடத்துபவர்களுக்கு எழுதப்பட்டது. உங்கள் மேசையில் யாரை உட்கார வைத்தீர்கள், யாரோடு நடனமாடினீர்கள் என்பதே அதன் உள்ளுறை. நான்கு ஆண்டுகளுக்கு முன் இலண்டன் தந்த தகுதியை ஒரு சிறு படைநகரத்தின் விருந்துச் சமூகத்தைக் கொண்டு திரும்பப் பெற்றுவிடலாம் என்று எழுதியவர் கணக்கிட்டார். அரசியைச் சந்தித்த பெருமையே இப்போது பெரும் குற்றமாக மாறியது: தகுதியற்ற ஒரு பெண்ணை அரசியின் முன் நிறுத்தினார்கள் என்று.

மெஹ்தி ஹசன் துண்டுநூலை அச்சிட்டவர் என்று கருதப்பட்ட எஸ். எம். மித்ரா மீது வழக்குத் தொடுத்தார். வழக்கில் வாதாடியவர்களுள் சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞர் ஏர்ட்லி நார்ட்டனும் ஒருவர். மாதக்கணக்கில் நீடித்த அவ்வழக்கில் அச்சகம் பற்றிய கேள்வி பின்தள்ளப்பட்டு, எலனின் கடந்தகாலமே விசாரணைப் பொருளாயிற்று. வழக்குத் தொடுத்தவரே குற்றக்கூண்டில் நிற்பது போன்ற நிலை. மூன்றாண்டுகள் கழித்து, 1895-இல், இலண்டனில் ஆஸ்கார் வைல்டு ஒரு பிரபுவின் மீது அவதூறு வழக்குத் தொடுத்து, அவ்வழக்காலேயே அழிந்தது நினைவுக்கு வரலாம். மானத்தை நீதிமன்றத்தில் மீட்கச் செல்வோர், தம் இரவுகள் அனைத்தையும் பகலில் விரித்துக் காட்டவேண்டியிருந்தது. 1893-இல் வழக்கு மெஹ்தி ஹசனுக்கு எதிராக முடிந்தது. பதவி போயிற்று. இருவரும் ஹைதராபாத்தை விட்டு நீங்கினர்.

இவ்விவகாரத்தை நுணுகி ஆராய்ந்த பெஞ்சமின் கோஹனின் நூல் 2019-இல் வந்தது. வட இந்தியாவிலிருந்து வந்த அலுவலர்க்கும் உள்ளூர்க்காரர்க்கும் இடையிலான ‘முல்கி’ப் பூசல், அரசவைப் போட்டி, இன எல்லையைக் கடந்த திருமணத்தின் மீதான வெறுப்பு ஆகிய பல இழைகள் இதில் பின்னியிருந்தன. நான் வலியுறுத்த விரும்புவது ஓர் இழையை மட்டும். எலன் ஓர் ஆங்கிலேய அதிகாரியை மணந்திருந்தால், அவர் கடந்தகாலத்தைத் தோண்ட எட்டுப் பக்கம் அச்சிட்டிருப்பார்களா? எல்லை கடந்த திருமணம் அவர்கள் இருவரையும் நிரந்தர விருந்தினர்களாக்கியது. விருந்தினர் எந்நேரமும் வெளியேற்றப்படலாம்.

5. எம்பயர் அரங்கிலிருந்து திருமலகிரிக்கு

இப்போது எதிர்த்திசையில் ஒரு பயணம். இலண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் எம்பயர் அரங்கு இருந்தது. அதன் மேல்மாடத்தில் ஒரு நடைகூடம், அருகே மதுக்கூடம். அங்கே ஆண்கள் குடிக்கவும், தனியாக வரும் பெண்களோடு பேசவும் கூடினர். வெளியூரிலிருந்தும் கடல் கடந்தும் வருவோர் இலண்டன் இரவு என்று தேடிச் சென்ற இடங்களுள் அதுவும் ஒன்று. 1894 அக்டோபரில் லாரா ஆர்மிஸ்டன் சான்ட் என்ற சீர்திருத்தப் பெண்மணி அவ்வரங்கின் உரிமத்தைப் புதுப்பிக்கலாகாது என்று இலண்டன் மாவட்டக் குழுவின் முன் வாதிட்டார். நடைகூடத்தையும் மதுக்கூடத்தையும் பிரிக்க ஆணை வந்தது. நிர்வாகம் கித்தான் தட்டிகளை நிறுத்தியது. நவம்பர் 3, சனிக்கிழமை இரவு, இளைஞர் கூட்டம் ஒன்று அத்தட்டிகளைக் கிழித்தெறிந்தது. இடிபாடுகளின் நடுவே நின்று உரையாற்றியவர் சாண்ட்ஹர்ஸ்டு படைப்பயிற்சி மாணவர் வின்ஸ்டன் சர்ச்சில், வயது பத்தொன்பது. அதுவே தம் முதல் மேடைப்பேச்சு என்று அவர் பின்னாளில் பெருமையோடு எழுதினார்.

இரண்டு ஆண்டு கழித்து, 1896-இல், அவர் நான்காம் ஹுசார் படையோடு பெங்களூர் வந்தார். நவம்பரில் கோல்கொண்டா கோப்பைக்கான போலோ ஆட்டத்துக்காக ஹைதராபாத் வந்தபோது தங்கியது செகந்திராபாத்தின் திருமலகிரி முகாமில். அங்கிருந்து தாய்க்கு எழுதிய கடிதத்தில், தாம் கண்ட பெண்களிலேயே பேரழகி என்று பமேலா பிளௌடனைப் புகழ்ந்தார். பமேலா, ஹைதராபாத் ரெசிடென்டு டிரெவர் சிச்சலி பிளௌடனின் மகள். மெஹ்தி ஹசனின் வழக்கு நடந்த காலத்தில் ரெசிடென்டாக இருந்தவரும் அவரே.

இவ்விரண்டு விருந்தினர்களையும் அருகருகே நிறுத்துங்கள். ஒருவர் இலண்டனில் விருந்து முறைகளை இம்மியும் பிசகாமல் கடைப்பிடித்தவர்; பெயரில்லாத துண்டுநூல் ஒன்றால் வீழ்ந்தார். மற்றவர் இலண்டன் கேளிக்கை அரங்கில் கலகம் செய்தவர். அக்கலகம் பிற்காலத் தன்வரலாற்றில் சுவையான ஓர் அத்தியாயமாயிற்று. ரெசிடென்டின் குடும்பம் அவரை மகிழ்ந்து வரவேற்றது. நடத்தையின் தராசு இருவரையும் நிறுக்கவில்லை. பெங்களூர் கிளப்பின் 1899-ஆம் ஆண்டுப் பதிவேட்டில், வசூலிக்க இயலாத கடன்களின் பட்டியலில் சர்ச்சில் பெயரில் பதின்மூன்று ரூபாய் இருக்கிறது. அக்கிளப் இன்று அதனைப் பெருமையுடன் காட்சிப்படுத்துகிறது. ஆளும் இனத்து இளைஞர் ஒருவரின் இரவுக் கடன் நினைவுப்பொருளாகும். ஆளப்படும் இனத்தவர் ஒருவரின் இரவோ கடைசிக் காசு வரை கணக்குத் தீர்க்கப்படும்.

சான்டின் இயக்கத்தையும் எளிதாகத் தீர்ப்பிட முடியாது. எம்பயர் நடைகூடத்தை எதிர்த்த தூய்மை இயக்கமும் படைமுகாம்ப் பதிவுமுறையை எதிர்த்த இயக்கமும் ஒரே மண்ணில் வளர்ந்தவை. இரண்டாவதன் தலைவியான ஜோசபின் பட்லரோ, பெண்களைக் காப்பதாகச் சொல்லி அவர்களைக் காவல்துறையின் கையில் ஒப்படைக்கும் போக்கை ஏற்கவில்லை. தட்டிகளைக் கிழித்தவர்கள் சுதந்திரம் என்று முழங்கினர். அது ஆண்களின் சுதந்திரம். தட்டிகளை நிறுத்தியவர்கள் தூய்மை என்றனர். நடைகூடத்துப் பெண்களுக்கு அதன்பின் பிழைப்பு எது என்பதை அவர்கள் தீர்க்கவில்லை.

6. விளக்கைப் பிடித்தவர்கள்

செகந்திராபாத் 1806-இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அமைந்த ஊர். 1798 உடன்படிக்கையின்படி அங்குத் தங்கிய துணைப்படை மதராஸ் படையைச் சேர்ந்தது. ஆதலால் படையோடு தமிழரும் வந்தனர்: சிப்பாய்கள், ஒப்பந்தக்காரர்கள், சமையல்காரர்கள், பட்லர்கள், ஆயாக்கள். ஊர்மக்கள் ‘லஷ்கர்’ என்றழைத்த அவ்விடத்தில் தமிழ் முதலியார் குடும்பங்கள் செல்வாக்குப் பெற்றன. 1862-இல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளியே பின்னர் மகபூப் கல்லூரியாயிற்று. அங்கே 1893 பிப்ரவரி 13 அன்று விவேகானந்தர் மேலைநாட்டுக்குத் தாம் செல்லும் நோக்கம் பற்றிப் பேசினார். மேற்கே சென்ற ஒரு தம்பதியின் மானம் வழக்காகிக் கிழிபட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில், மேற்கே செல்லவிருந்த ஒரு துறவி லஷ்கரில் கைதட்டல் பெற்றார். அவர் விருந்து கேட்கப் போகவில்லை. போதிக்கப் போவதாகச் சொன்னார். மேற்கை அணுகும் வேறொரு வழியை அந்தத் தலைமுறை கண்டுகொண்டதற்கு இதனை அடையாளமாகக் கொள்ளலாம்.

படைநகரத்து இரவை நடத்தியவர்களைப் பற்றி ஒரு சொல் சாட்சி சொல்கிறது. ‘மசால்ஜி’ என்றால் தீவட்டி பிடிப்பவர். விருந்துக்குச் செல்லும் பல்லக்கின் முன்னும் வண்டியின் முன்னும் வெளிச்சம் ஏந்தி ஓடுவது அவர் தொழில். 1886-இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியின் காலத்துக்குள் அச்சொல், வெள்ளையர் வீட்டுச் சமையற்கட்டில் பாத்திரம் தேய்க்கும் பணியாளையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. விளக்குகள் மாறின, தீவட்டிக்காரர் தெருவிலிருந்து அடுப்படிக்கு நகர்ந்தார், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. விருந்து முடிந்தபின் விடியும்வரை தட்டு கழுவியவரின் இரவு எந்த நாட்குறிப்பிலும் இல்லை. இச்சொல்லில் இருக்கிறது.

1897 பிப்ரவரி 1 அன்று செகந்திராபாத் மணிக்கூண்டை ரெசிடென்டு பிளௌடன் திறந்துவைத்தார். கடிகாரத்தை வழங்கியவர் திவான் பகதூர் சேட் லட்சுமி நாராயண் ராம்கோபால். இனி லஷ்கரின் இரவுக்கும் மணி உண்டு. அது அனைவர்க்கும் ஒரே மணியை அடித்தது. அந்த மணி கேட்டு ஒருவர் நடனத்துக்குக் கிளம்பினார். மற்றொருவர் வேலைக்குக் கிளம்பினார்.

7. மாணவர்க்கு ஒரு குறிப்பு

கேளிக்கையின் வரலாற்றை எழுதுவது இலேசான பொருள் என்று நம் துறைகளில் ஓர் எண்ணம் உண்டு. நிலவரியும் பஞ்சமும் கனமானவை, நடனமும் நாடகமும் ஓய்வுநேரச் செய்திகள் என்று. மேலே கண்ட நிகழ்வுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. பகலில் எழுதப்பட்ட சட்டங்கள் இன வேறுபாட்டை மறைமுகமாகவே பேசின. இரவின் விருந்துப் பட்டியல் அதை ஒளிவின்றிப் பேசியது. ஒரு பேரரசு யாரைச் சமமாகக் கருதியது என்பதை அறிய அதன் நீதிமன்றத் தீர்ப்புகளோடு அதன் விருந்து மேசையையும் ஆராயவேண்டும்.

இன்று நம் மாணவர்கள் படிப்புக்கும் கருத்தரங்குக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் பெர்லினுக்கும் செல்கின்றனர். மாலையில் தேம்ஸ் கரையில் நின்று எடுத்த படங்களைப் பகிர்கின்றனர். அம்மகிழ்ச்சி அவர்கள் உரிமை. அதில் குறைகாண ஒன்றுமில்லை. அவ்வுரிமை எளிதில் வந்ததன்று என்பதை மட்டும் நினைவில் வைக்கலாம். அந்த விளக்குகளின் கீழ் ஒருகாலத்தில் ஒரு தம்பதி மிகக் கவனமாக நடந்தார்கள். வீடு திரும்பியபின் அந்நடையே அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று. எலன் கெர்ட்ரூட் டானலி குற்றவாளியா என்று விசாரிக்க அன்று ஓர் ஊரே கூடியது. அவர் பக்கம் நின்று ஒருவராவது கேட்டிருக்கவேண்டிய கேள்வி, அவ்விசாரணைக்கு அந்த ஊருக்கு என்ன உரிமை என்பது. வரலாற்றெழுத்து நூற்றாண்டு கடந்தாவது அதைக் கேட்கலாம்.

செகந்திராபாத் கிளப்பின் எரிந்த பகுதியை மீண்டும் கட்டும்போது, சுவரில் தொங்கவிடப்போகும் பழைய விருந்துப் படங்களின் பக்கத்தில், அந்த விளக்குகளை ஏந்தியவர்களுக்கும் ஒரு சட்டகம் ஒதுக்கினால் நன்று.